வயலை எண்ணி அறிதல்
நெல், மரக்கறிப் பயிர்களிலுள்ள உயிரினங்களை மாதிரி எடுத்து ஆராயும் முறைகள்

கமக்காரருக்கு நேரும் வீண்செலவுகளுள் தேவையற்ற வேளையிற் பூச்சிநாசினி தெளித்தலும் ஒன்றாகும். வரம்பில் நின்று பார்க்கும்போது கண்ணிற்படும் சில புழுக்களோ, பழுத்த சில இலைகளோ மனத்திற் கவலையை உண்டாக்குகின்றன. அயல் வயற்காரர் மருந்து தெளிப்பதைக் கண்டதும் அக்கவலை இருமடங்காகின்றது. உடனே மருந்து வாங்கப்படுகின்றது, தெளிக்கவும்படுகின்றது. ஆயின், வயலினுள் எத்தனை பூச்சிகள் இருந்தன, அவை எவ்வினத்தவை, அவற்றைத் தின்னும் உயிர்கள் எத்தனை இருந்தன என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணப்படுவதில்லை.

உயிரியல் ஆராய்ச்சியாளர் ஒரு வயலையோ காட்டையோ குளத்தையோ ஆராயப் புகும்போது இம்மூன்று வினாக்களிலிருந்தே தொடங்குகின்றனர். அவர்கள் கையாளும் கருவிகளுட் பல மிக எளியவை. நான்கு தடிகளாலான ஒரு சட்டம், துணியாலான ஒரு வலை, ஒரு கண்ணாடிக் குவளை, ஒரு குறிப்புப் புத்தகம் ஆகியவை போதும். அம்முறைகளைக் கமக்காரர் தம் வயலிற் கையாளுமாறு இப்பிரசுரம் விளக்குகின்றது.

எண்ணாமல் தெளித்தலால் வரும் கேடு

மருந்து தேவையின்றித் தெளிக்கப்பட்டால் அதன் விலை மட்டுமே நட்டம் என்று எண்ணுதல் தவறு. நெல்லின் அடித்தண்டில் இருந்து சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்தியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். இத்தத்தி தன் முட்டைகளை இலைமடலின் உள்ளே புதைத்து இடுகின்றது. மேலே தெளிக்கப்படும் மருந்து அம்முட்டைகளை எளிதிற் சென்றடைவதில்லை. ஆயின் தத்தியைத் தின்னும் சிலந்திகளும், அதன் முட்டையை உறிஞ்சும் சிறு மூட்டுப்பூச்சிகளும் வெளியே நடமாடுபவை. அவை மருந்தால் மடிகின்றன. சில நாட்களின் பின் முட்டைகள் பொரிக்கின்றன. வெளிவரும் குஞ்சுகளைத் தின்ன எவ்வுயிரும் எஞ்சியிருப்பதில்லை. ஏறக்குறைய ஒரு மாதத்துள் ஒரு தலைமுறை முற்றுப்பெறும் இப்பூச்சி, அந்நிலையில் முன்னிருந்ததிலும் பன்மடங்காகப் பெருகி, பயிரைத் தீய்ந்தது போலாக்கிவிடுகின்றது.

இவ்வுண்மையை ஆசிய நாடுகள் பெருநட்டத்தின் பின்னரே உணர்ந்தன. இந்தோனேசியாவில் 1970ஆம் ஆண்டுகளிலும் 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலும் கபிலநிறத் தத்தியால் நெல் பெரிதும் அழிந்தது. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு 57 பூச்சிநாசினிகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாதெனத் தடைசெய்தது. 1989ஆம் ஆண்டு முதல் கமக்காரர் தம் வயலிற் பூச்சிகளைத் தாமே எண்ணிப் பழகும் வயற் பாடசாலைகள் அங்கு நடைபெறலாயின. பின்னர் இலங்கையிலும் நெற்செய்கையாளரிடையே இத்தகைய பாடசாலைகள் நடத்தப்பட்டன. அப்பாடசாலைகளிற் கற்பிக்கப்பட்டதன் சாரம் ஒன்றே: முதலில் எண்ணுக, பின்னர் முடிவு செய்க.

மாதிரி என்பது யாது?

ஓர் ஏக்கர் வயலிலுள்ள பூச்சிகள் அனைத்தையும் எண்ணுதல் எவராலும் இயலாது. ஆதலால் வயலின் சில சிறு பகுதிகளை மட்டும் எண்ணி, அவற்றிலிருந்து முழு வயலின் நிலையை அறிதல் வேண்டும். அச்சிறு பகுதிகளே மாதிரி எனப்படும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. பானையில் உள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே தீயில் வேகின்றமையால் அப்பழமொழி பொருந்துகின்றது. வயல் அத்தகையதன்று. ஓரிடத்தில் நீர் தேங்கும், ஓரிடம் மேடாயிருக்கும், ஒரு மூலையில் மர நிழல் விழும், ஓரிடத்தில் யூரியா மிகுதியாக விழுந்திருக்கும். பூச்சிகளும் எங்கும் ஒரே அளவாய்ப் பரந்திராமல் ஆங்காங்கே கூட்டங்கூட்டமாய் வாழ்கின்றன. ஆதலின் ஓரிடத்தைப் பார்த்து வயலை அளவிடுதல் ஆகாது. வயலின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் மாதிரி எடுத்தல் வேண்டும்.

இடங்களைத் தெரிவுசெய்தல்

மாதிரி எடுக்கும் இடத்தைக் கண் தெரிவுசெய்யலாகாது. காலடிக் கணக்கே தெரிவுசெய்தல் வேண்டும். கண்ணுக்கு விட்டால் அது நோயுற்ற பயிரையே நாடும், அல்லது நடப்பதற்கு எளிதான இடத்தையே நாடும். இரண்டும் பிழையான கணக்கையே தரும். பின்வரும் ஒழுங்கு நெல் வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் பொருந்தும்.

1. வரம்பிலிருந்து ஏறக்குறைய 2 மீற்றர் தூரம் உள்ளே சென்று தொடங்குக. வரம்போரப் பயிர் வயலின் நடுப்பயிரைப் போன்றதன்று.

2. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலையை நோக்கி, இடமும் வலமும் மாறிமாறி, பாம்பு ஊர்ந்து செல்வது போல நடக்க.

3. வயலின் அளவுக்கேற்ப 10 அல்லது 15 அடி வைத்தபின் ஒரு முறை நிற்க. நின்ற இடத்தில் கால்முனைக்கு நேரே உள்ள பயிரையே பார்க்க. அது நல்ல பயிராயினும் தீய பயிராயினும் மாற்றற்க.

4. இவ்வாறு 20 இடங்களிற் பார்க்க. நேரம் குறைவாயின் 10 இடங்களேனும் பார்த்தல் வேண்டும்.

5. ஒவ்வொரு கிழமையும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே நேரத்திற் பார்க்க. காலையில் எண்ணியதை நண்பகலில் எண்ணியதுடன் ஒப்பிடலாகாது. நெல் மூட்டுப்பூச்சி காலையிலும் மாலையிலும் கதிர்களில் நடமாடி, வெயில் ஏறியபின் பயிரின் அடியில் மறைந்துகொள்வது இதற்குச் சான்றாகும்.

சதுரச் சட்டம்

நாற்று நட்ட வயலில் ஒவ்வொரு தூராக எண்ணலாம். வீசி விதைத்த வயலில் தூர்களைப் பிரித்தறிதல் அரிது. இதற்குச் சதுரச் சட்டமே தக்க கருவி. ரொஸ்கோ பவுண்டு, பிரெடரிக் கிளெமென்ற்ஸ் என்னும் தாவரவியலறிஞர் இருவர், அமெரிக்காவின் நெப்ராஸ்காப் புல்வெளிகளில் எவ்வினச் செடி எத்தனை உண்டு என்பதை அறியும் பொருட்டு, 1898ஆம் ஆண்டளவில் நிலத்தைச் சதுரங்களாக அளந்து செடிகளை எண்ணினர். அம்முறை இன்று உலகெங்கும் வழங்குகின்றது.

மூங்கிற் சிம்பு அல்லது தடித்த கம்பி கொண்டு ஒவ்வொரு பக்கமும் 1 அடி நீளமான சட்டம் ஒன்றைக் கட்டிக்கொள்க. தெரிந்த இடத்தில் அதனை மெல்ல வைக்க. முதலிற் பறந்து போகக்கூடியவற்றை எண்ணுக. அடுத்து இலைகளைப் பார்க்க. மூன்றாவதாகப் பயிரை ஒரு பக்கமாய்ச் சாய்த்து, அடித்தண்டைக் கையால் இரண்டு மூன்று முறை தட்டி, நீரின்மேல் விழும் தத்திகளையும் சிலந்திகளையும் எண்ணுக. இறுதியாகச் சட்டத்தினுள் உள்ள மட்டங்களையும், அவற்றுள் நடுக்குருத்து வாடியவற்றையும் எண்ணுக. இவ்வொழுங்கை மாற்றினால், தட்டும் ஓசையிற் பறப்பன பறந்துவிடும், கணக்குக் குறையும்.

கணக்கைப் படிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வயலில் 20 இடங்களில் எண்ணிய கபிலநிறத் தத்திகள் முறையே 0, 1, 0, 2, 0, 0, 1, 3, 0, 1, 46, 38, 2, 0, 1, 0, 0, 2, 1, 2 எனக் கொள்க. கூட்டுத்தொகை 100. ஓரிடத்துக்குச் சராசரி 5. சராசரியை மட்டும் பார்ப்பவர் வயல் முழுவதிலும் தத்தி பரந்துள்ளதென எண்ணுவர். எண்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பவருக்கோ வேறோர் உண்மை புலப்படும். அடுத்தடுத்த இரண்டு இடங்களில் 84 தத்திகள் உள்ளன; ஏனைய 18 இடங்களிலும் சேர்த்து 16 மட்டுமே உள்ளன. ஆபத்து வயலின் ஒரு பகுதியிலேயே உள்ளது. அப்பகுதிக்குச் சென்று, பயிர் அங்கு நெருங்கி வளர்ந்துள்ளதா, நீர் வடியாமல் நிற்கின்றதா, பசளை மிகுந்ததா என ஆராய்தல் வேண்டும். நீரைச் சில நாட்களுக்கு வடியவிட்டு, பயிரை விலக்கிக் காற்றும் ஒளியும் அடித்தண்டுக்குச் செல்ல வழிசெய்தலே முதற் பரிகாரம். மருந்து தேவைப்படினும் அப்பகுதியின் அடித்தண்டுகளுக்கே அது தேவை. முழு வயலுக்கும் அன்று.

வீச்சுவலை

பயிரின் மேற்பகுதியில் வாழும் பூச்சிகளைப் பிடிக்க வீச்சுவலை உதவும். ஏறக்குறைய 15 அங்குலக் குறுக்களவுள்ள கம்பி வளையத்தில், அதன் இருமடங்கு ஆழமான வெள்ளைத் துணிப்பையைத் தைத்து, ஒரு மீற்றர் அளவான பிடியைப் பொருத்துக. ஓரடி வைக்கும்போது ஒரு வீச்சு என இடமிருந்து வலமும் வலமிருந்து இடமுமாகப் பயிரின் மேல்நுனியைத் தழுவி வீசுக. 10 வீச்சு ஒரு மாதிரியாகும். வீசி முடிந்ததும் வலையைத் திருப்பி வாயை மூடி, உள்ளே அகப்பட்டவற்றை ஒரு பொலித்தீன் பையினுள் இட்டு எண்ணுக. பனி காயுமுன் வீசினால் துணி நனைந்து பூச்சிகள் நசிந்துவிடும்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நெல் மூட்டுப்பூச்சி, பச்சைத் தத்தி, தும்பி முதலியன வலையில் அகப்படும். அடித்தண்டிலிருக்கும் கபிலநிறத் தத்தியோ தண்டின் உள்ளிருக்கும் புழுவோ அகப்படா. வலை வெறுமையாய் இருந்தமையால் வயலிற் பூச்சி இல்லையென முடிவுசெய்தல் பெருந்தவறாகும்.

நாற்று மிகச் சிறிதாயிருக்கும் காலத்தில் வலையும் சட்டமும் பயன்படா. அப்போது உள்ளங்கையை நீரில் நனைத்து நாற்றின் நுனிகளைத் தடவிச் செல்க. பனிப்பூச்சி இருப்பின் நுண்ணிய கருநிறத் துணுக்குகளாய்க் கையில் ஒட்டிக்கொள்ளும்.

பொறிகள்

பொறி என்பது ஆள் இல்லாத வேளையிலும் மாதிரி எடுக்கும் கருவி.

விளக்குப்பொறி: விளக்கின் கீழ், சிறிது சவர்க்காரம் கலந்த நீருள்ள தட்டை வைத்தால், இரவிற் பறக்கும் அந்துகளும் நீண்ட சிறகுடைய தத்திகளும் அதில் விழும். நிலவு மிகுந்த இரவிற் குறைவாகவே விழும். ஆதலால் பௌர்ணமிக் கணக்கை அமாவாசைக் கணக்குடன் ஒப்பிடலாகாது. விளக்கில் தத்தி திடீரென மிகுந்தால் அவை வயலுக்கு வந்து முட்டையிடத் தொடங்கியுள்ளன எனக் கொண்டு, ஒரு கிழமை முதல் பத்து நாட்களின் பின் அடித்தண்டுகளைக் கவனமாகப் பார்த்தல் வேண்டும்.

மஞ்சள் ஒட்டுப்பொறி: மஞ்சள் நிறப் பலகையில் ஆமணக்கெண்ணெய் அல்லது கிரீசு பூசி, மிளகாய், தக்காளி, வெண்டி முதலியவற்றின் உச்சி மட்டத்தில் நிறுத்துக. வெண் ஈ, சிறகுள்ள அழுக்கணவன், இலைச்சுரங்க ஈ என்பன அதில் ஒட்டும். நோய்பரப்பும் பூச்சி தோட்டத்தில் வந்திறங்கிய நாளை இப்பொறி அறிவிக்கும்.

குழிப்பொறி: வாயகன்ற கிண்ணம் ஒன்றை அதன் விளிம்பு மண்மட்டத்துடன் சமமாகுமாறு பாத்தியிற் புதைத்து, அடியிற் சிறிது சவர்க்கார நீர் விடுக. மழை விழாதபடி மேலே சிரட்டை ஒன்றைச் சிறு கற்களின்மேல் தாங்கவைக்க. மண்மேல் ஓடித்திரியும் நில வண்டுகளும் சிலந்திகளும் இரவில் இதில் வீழும். அவற்றுட் பல, பயிரைத் தின்னும் புழுக்களை உண்டு வாழ்பவை. கோவா நாற்றை இரவில் அறுப்பது யாது என அறிய விரும்புவோர், அதிகாலையில் அறுபட்ட நாற்றைச் சுற்றியுள்ள மண்ணைச் சிறிது கிளறினால், சுருண்டு கிடக்கும் வெட்டுப்புழுவைக் காணலாம்.

பழ ஈப் பொறி: பாகல், பீர்க்கு, புடோல் முதலிய கொடிகளைத் தாக்கும் பழ ஈயின் ஆண் ஈக்கள் கியூலூர் என்னும் மணப்பொருளால் ஈர்க்கப்படும். மாமரத்தைத் தாக்கும் ஈயின் ஆண்கள் மெதைல் இயூஜினோலால் ஈர்க்கப்படும். ஒன்றன் மணப்பொருள் மற்றதற்குப் பயன்படாது. எந்த ஈ எப்பயிரைத் தாக்குகின்றது என அறியாமற் பொறி வைத்தல் வீண்.

மண்ணும் வேரும்

நன்றாய் வளர்ந்த தக்காளியோ கத்தரியோ நண்பகலில் வாடி மாலையில் தேறுமாயின் வேரைப் பார்த்தல் வேண்டும். செடியைப் பிடுங்கலாகாது; பிடுங்கினால் நுண்வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் சுற்றித் தோண்டி எடுத்து, நீரில் மெல்ல அலசுக. வேரிலேயே முடிச்சுகள் பருத்துக் காணப்படின் அது வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலை. பயற்றை, நிலக்கடலை முதலிய அவரையினப் பயிர்களின் வேரில் இயல்பாக உள்ள நைதரசன் முடிச்சை இதனுடன் மயங்கலாகாது. நன்மை தரும் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் கழன்று வரும். வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாய் இருக்கும். வட்டப்புழு முடிச்சோ வேரின் வீக்கமாதலின் கழன்று வராது.

வேர் முடிச்சின்றியும் சந்தேகம் எஞ்சினால் மண் மாதிரியை ஆய்வுக்கு அனுப்பலாம். தோட்டத்தின் 10 முதல் 20 இடங்களில், வேர் செல்லும் ஆழத்தில், 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை மண் எடுத்து ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோவைப் பொலித்தீன் பையிற் கட்டுக. வெயிலில் வைக்கலாகாது, உலர்த்தவும் கூடாது. வட்டப்புழு உயிருடன் இருந்தாலே ஆய்வு பயன்படும். பேர்மான் என்பார் 1917ஆம் ஆண்டில் விவரித்த புனல்முறை இன்றும் ஆய்வுகூடங்களில் வழங்குகின்றது. துணியிற் கட்டிய மண்ணை நீர் நிறைந்த புனலில் அமிழ்த்திவைத்தால், புழுக்கள் மண்ணைவிட்டு நீங்கி நீரினூடே கீழே இறங்கும். மறுநாள் அடியிலுள்ள சில துளி நீரை எடுத்து நுணுக்குக்காட்டியால் எண்ணுவர்.

இனம் அறிதல்

எண்ணுதல் பாதி வேலை. எண்ணியது யாது என அறிதல் மறுபாதி. முதலிற் கால்களை எண்ணுக. ஆறு கால் உடையது பூச்சி. எட்டுக் கால் உடையது சிலந்தி அல்லது சிற்றுண்ணி. அடுத்து வாயைப் பார்க்க. மூட்டுப்பூச்சிகளுள் பயிர்ச்சாற்றை உறிஞ்சுவனவற்றின் அலகு பொதுவாக மெலிந்து நீண்டு மார்பின் கீழ் மடிந்திருக்கும். பிற பூச்சிகளைக் குத்தித் தின்னும் மூட்டுப்பூச்சிகள் பலவற்றின் அலகு குறுகித் தடித்து வளைந்திருக்கும்.

இவ்வேறுபாடு ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. மிளகாய் இலை சுருளுதலை எடுத்துக்கொள்க. இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியை ஐயுறல் வேண்டும். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டிருப்பின் சிற்றுண்ணியை ஐயுறல் வேண்டும். ஐயத்தைத் தீர்க்க, நுனித்தளிரைக் கரிய தாளின்மேல் தட்டி, பெருக்குங் கண்ணாடியாற் பார்க்க. பூச்சியைக் கொல்லும் மருந்துகள் பல சிற்றுண்ணியைக் கொல்வதில்லை. அதன் எதிரிகளைக் கொன்று அதனைப் பெருகவும் செய்யலாம். கால்களை எண்ணத் தவறியமையால் ஒரு போக மிளகாயே கைவிட்டுப் போகக்கூடும்.

ஊருக்கு ஊர் ஒரே பூச்சிக்கு வெவ்வேறு பெயர் வழங்குகின்றது. வெவ்வேறு பூச்சிகளுக்கு ஒரே பெயரும் வழங்குகின்றது. இக்குழப்பத்தை நீக்கவே சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் ஒவ்வோர் இனத்துக்கும் இருசொற்பெயர் வழங்கும் முறையை வகுத்தார். விலங்குகளுக்கு இம்முறை அவர் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட நூற்பதிப்பிலிருந்து கணக்கிடப்படுகின்றது. கபிலநிறத் தத்தியின் பெயர் நிலபர்வதா லூகென்ஸ். இப்பெயரைக் கொண்டு தேடும் ஆராய்ச்சியாளர், பிற நாடுகளில் இதைப்பற்றி அறியப்பட்ட அனைத்தையும் பெறுகின்றார்.

சரியான பெயர் அறிந்தமையால் விளைந்த நன்மைக்கு இலங்கையிலேயே சான்று உண்டு. 2008ஆம் ஆண்டில் இந்நாட்டுப் பப்பாசி மரங்களில் புதிய வெண்மூட்டுப்பூச்சி ஒன்று காணப்பட்டது. அது அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட பரக்கொக்கஸ் மார்ஜினேற்றஸ் எனத் துணியப்பட்டதும், அதனுள் முட்டையிட்டு அதனை அழிக்கும் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவியைத் தருவித்து வெளிவிட முடிந்தது. அதன்பின் அப்பீடை பெரிதும் தணிந்தது. மருந்தால் அடங்காதது, பெயர் தெரிந்ததும் அடங்கிற்று.

2018ஆம் ஆண்டில் இலங்கைச் சோளச் செய்கையில் வந்த படைப்புழுவையும் அடையாளத்தாலேயே அறிதல் வேண்டும். வளர்ந்த புழுவின் தலையின் முன்புறத்தில் தலைகீழான கவட்டை போன்ற வெளிறிய குறியும், உடலின் பின்முனையை அடுத்து நான்கு கரும்புள்ளிகள் சதுரமாய் அமைந்திருத்தலும் அதன் அடையாளங்கள்.

வளர்த்தும் சோதித்தும் பார்த்தல்

கண்ணால் மட்டும் அறியமுடியாதவற்றைச் சிறு சோதனைகளால் அறியலாம்.

தண்டு துளைப்பானின் முட்டைக் கூட்டம் நெல்லிலையின் நுனிப்பக்கத்தில், மங்கிய கபிலநிற மயிரால் மூடப்பட்டிருக்கும். அதனை இலைத்துண்டுடன் வெட்டி, சிறு போத்தலில் இட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து நிழலில் வைக்க. சில நாட்களில் புழுக்கள் வெளிவரலாம். அல்லது எறும்பினும் சிறிய கருங்குளவிகள் வெளிவரலாம். பல கூட்டங்களிலிருந்து குளவிகளே வெளிவருமாயின், வயலிற் காவலர் ஏற்கெனவே உள்ளனர் என்பது தெளிவு. அக்காவலரை மருந்தாற் கொல்லலாகாது.

வெண்கதிர் தோன்றினால் அதனைப் பிடித்து மெல்ல இழுக்க. எளிதில் கழன்றுவந்து அடியில் கடித்த தடம் காணப்படின் அது தண்டு துளைப்பான். கழலாமல், கதிரின் கழுத்து கருமையுற்று உலர்ந்திருப்பின் எரிபந்த நோயை ஐயுறல் வேண்டும். முன்னையது பூச்சி, பின்னையது பங்கசு. ஒன்றன் மருந்து மற்றதற்கு ஆகாது.

தக்காளிச் செடி பச்சையாயிருக்கும்போதே திடீரென வாடினால், அடித்தண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் நீரிற் படுமாறு தொங்கவிடுக. சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்போன்ற இழைகள் நீரில் இறங்குமாயின் அது பற்றீரியா வாடல். அச்செடிக்கு எம்மருந்தும் இல்லை. வேருடன் அகற்றுதலும், அந்நிலத்தில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு என்னும் அதே குடும்பப் பயிர்களைத் தொடர்ந்து நடாதிருத்தலுமே வழி.

எலியின் தொகையை அறிய, மாலையில் வரம்புகளிலுள்ள வளைகள் அனைத்தையும் சேற்றால் மூடிவிடுக. மறுநாட் காலையில் மீளத் திறந்திருப்பவற்றை மட்டும் எண்ணுக. அவையே எலி குடியிருக்கும் வளைகள். வளைகளுட் கை விடுதல் ஆகாது. பாம்பும் அங்குத் தங்கும்.

குறிப்பெழுதலும் மாதிரி அனுப்புதலும்

எழுதப்படாத எண்ணிக்கை மறுகிழமை பயன்படாது. குறிப்புப் புத்தகத்தில் திகதி, நேரம், பயிரின் வயது, இனம், கடைசியாக இட்ட பசளை, மழை, ஒவ்வோர் இடத்திலும் கண்ட பீடை, ஒவ்வோர் இடத்திலும் கண்ட நன்மை செய்யும் உயிர் என்பவற்றை எழுதுக. பீடைக்கும் நன்மை செய்யும் உயிருக்கும் தனித்தனி நிரல் வைத்தல் இன்றியமையாதது. ஒரு நிரல் மட்டும் எழுதுவோர் எதிரியை மட்டும் எண்ணித் தம் படையை எண்ணாதவராவர். ஒரு தனி எண்ணைவிட, பல கிழமை எண்களின் போக்கே மிகுதியாக அறிவிக்கும். தத்தி கிழமைக்குக் கிழமை கூடிச் சிலந்தி குறைவது ஆபத்தின் அறிகுறி. இரண்டும் சேர்ந்து கூடுவது பொறுத்துப் பார்க்கத்தக்க நிலை.

இனம் தெரியாத பூச்சியை ஆய்வுக்கு அனுப்புவோர் சிலந்தியையும் புழுவையும் 70 வீத மதுசார நீரில் இடுக. அந்துகளையும் வண்டுகளையும் உலரவைத்துத் தாளில் மடித்துப் பெட்டியில் வைக்க. ஒவ்வொன்றுடனும் எடுத்த இடம், திகதி, பயிர், பயிரின் எப்பகுதியில் இருந்தது என்பவற்றைப் பென்சிலால் எழுதி வைத்தல் வேண்டும். மை மதுசாரத்திற் கரைந்துவிடும். சீட்டில்லாத மாதிரி அறிஞருக்குப் பயன்படாது. புதிதாய்க் கண்ட பூச்சியை உயிருடன் வேறூருக்குக் கொண்டு செல்லலாகாது; ஓர் ஊரின் பீடையை மற்றோர் ஊருக்கு அளிப்பதாய் முடியும்.

முடிவு செய்தல்

எண்ணிக்கை எந்த அளவைத் தாண்டினால் பீடையால் வரும் நட்டம் மருந்தின் செலவை மிஞ்சுமோ, அவ்வளவே பொருளாதாரச் சேத எல்லை எனப்படும். அது பயிரின் இனம், வயது, காவலுயிர்களின் தொகை என்பவற்றுக்கேற்ப வேறுபடும். ஆதலின் 20 இடங்களின் எண்களையும் குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரை நாடுதல் நன்று. வயலில் பூச்சி இருக்கின்றது என்று மட்டும் கூறுபவருக்குப் பொதுவான விடையே கிடைக்கும். எத்தனை, எவ்வினம், எவ்விடத்தில், எந்நாளிலிருந்து என்று கூறுபவருக்கு அவர் வயலுக்கே உரிய விடை கிடைக்கும்.

20 இடங்களைப் பார்க்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். ஒரு போகத்தில் கிழமைக்கு ஒரு மணி நேரம் வயலில் இறங்கி எண்ணும் கமக்காரர், மருந்து வேண்டாத கிழமைகளில் அதன் செலவை மீதப்படுத்துவார். மருந்து வேண்டிய கிழமையில் காலந்தாழ்த்தாமல், வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் தெளிப்பார். ஆதலால் தெளிகருவியைத் தோளில் ஏற்றுமுன் சதுரச் சட்டத்தைக் கையில் எடுத்தல் வேண்டும்.